கணக்குச் சரியாகத்தான் இருந்தது

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு இந்த முறை என்னைச் செயலாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். உதைபந்தாட்டம் தெரியும், கணக்கெழுதத் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. விளையாடுவது பிள்ளைகள், நிர்வாகிக்கு எதற்குப் பேச்சும் வசீகரமும்? நன்றாகக் கதைக்கிறவர்கள்தான் கழகங்களைக் கெடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு வாசகர், கரவெட்டி

அன்புள்ள தம்பி,

கதைத்தே காசைத் தின்றவர்களை நானும் கண்டிருக்கிறேன். வாய் திறக்காததால் அழிந்த கழகம் ஒன்றையும் கண்டேன். அது நான் விளையாடிய கழகம்.

எங்கள் பொருளாளர் கழகக் காசில் ஒரு சதம் தொடாத மனிதர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கொப்பியிலிருந்து தலை நிமிராமல் கணக்கை முணுமுணுத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கனடாக் காசில வாங்கின வலை எங்க?" என்று கேட்டார். வலை வாசிகசாலை அலுமாரியில் இருந்தது. பற்றுச்சீட்டு அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. மனிதருக்கு முகம் வியர்த்துவிட்டது. "எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். அன்றிரவே கதை ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. மறு வருசம் காசு வரவில்லை. அதற்கடுத்த வருசம் கழகம் இரண்டாகியது. அந்தப் பற்றுச்சீட்டை உயர்த்திக் காட்டி இரண்டு வசனம் பேசியிருக்கலாம். இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பழைய வீரர், அனுசரணை தரும் கடைக்காரர், மகளை மாலைப் பயிற்சிக்கு விடும் தாய், இவர்களில் யார் உங்கள் கொப்பியைப் புரட்டப் போகிறார்கள்? உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

பெரிய அணிகளுக்கும் இதே கதைதான். லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடரில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவை கிண்ணம் வென்றது. அதில் ஒரு போட்டிகூட இங்கே நடக்கவில்லை. யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2020 இல் அந்த அணிக்குப் பந்துவீசியதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். மைதானத்தில் காணாத அணியை ஊர் 'எங்கட அணி' என்று சொல்ல வேண்டுமென்றால், அதன் நிர்வாகி இங்கே வந்து எங்கள் பிள்ளைகள் முன்னால் நின்று பேசத்தான் வேண்டும்.

பட்டிமன்றக் குரல் தேவையில்லை. 2011 இல் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார ஆற்றிய உரையைத் தேடிக் கேளுங்கள். இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகத்தின் சீர்கேட்டை நிதானமாக, மறைக்காமல் சொன்னார். அந்த மேடையைக் கொடுத்த எம்சிசி என்ற இங்கிலாந்துக் கிரிக்கெட் கழகம், 2019 இல் அவரையே தலைவராக்கியது. பிரித்தானியர் அல்லாத ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுவே முதல் தடவை.

அடுத்த கூட்டத்துக்கு முன் வீட்டில் அம்மாவை இருத்தி, கணக்கை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் மறித்துக் கேட்கிறாரோ, கூட்டத்திலும் அங்கேதான் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குரிய பற்றுச்சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு மேடைக்குப் போங்கள்.