தம்பிக்கு இளைக்கிறது, எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது, 157 செ.மீ. உயரம், 68 கிலோ. தம்பிக்கு 44 வயது, 170 செ.மீ., 80 கிலோ. ஒரே நாளில் உணவுக் கட்டுப்பாடு ஆரம்பித்தோம். ஒரே சமையல், ஒரே அளவு, சேர்ந்தேதான் நடக்கிறோம். இரண்டு மாதத்தில் அவன் தொப்பை பாதியாகிவிட்டது. எனக்கு இடுப்பும் தொடையும் அப்படியே. ‘உனக்கு வாய்க்கட்டு இல்லை’ என்று கேலி வேறு. ஒரே அப்பா அம்மா பிள்ளைகள்தானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த ‘ஒரே அளவு’ கணக்கைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய விவரங்களை வழக்கமான சூத்திரத்தில் போட்டால், சும்மா படுத்திருக்கவே உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,265 கலோரி போதும். தம்பிக்கு 1,650 வேண்டும். ஏறக்குறைய 400 கலோரி வித்தியாசம்! அதே தட்டு அவருக்குப் பட்டினி, உங்களுக்குச் சாதாரணச் சாப்பாடு. அவர் உருவம் பெரிது, தசையும் அதிகம்; முக்கியக் காரணம் அதுதான்.

அடுத்தது மரபணு. உடன்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். கனடாவில் க்ளோட் புஷார் குழுவினர் மரபணு முழுக்க ஒத்த, ஒரே கருவிலிருந்து பிறந்த 12 ஜோடி இரட்டையர்களுக்கு, 100 நாள் காலத்தில் 84 நாட்கள், தினம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3. ஆனால் ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏறியது, கொழுப்பு சேர்ந்த இடமும் ஒத்துப்போனது. வாய்க்கட்டு பற்றிப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டாம். உடல் பருமனோடு தொடர்புள்ளது என்று 2007-ல் பரபரப்பாகப் பேசப்பட்ட எஃப்.டி.ஓ. (FTO) மரபணுவின் பாதகமான வடிவம் இரண்டு பிரதிகள் இருந்தாலும், சராசரியாகக் கூடுவது சுமார் 3 கிலோதான். அதுவும் பெரும்பாலும் பசி வழியாக. இதற்கென்று மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இடுப்பு, தொடை விஷயம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செய்கிற வேலை. கர்ப்பத்துக்கும் தாய்ப்பாலுக்குமான சேமிப்பு அங்கே இருக்கிறது, லேசில் கரையாது. ஆனால் சாது. ஆண்களுக்கு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேர்வது சீக்கிரம் கரையும். கரையாமல் தங்கினால் சர்க்கரை, இதயம் என்று வம்பு. தம்பிக்கு அது குறைந்தது நல்லதே.

உங்கள் வயதில் கவனிக்க வேண்டியது வேறு. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறும். எடை மெஷினைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள், அதாவது உங்களுக்குச் சுமார் 78 செ.மீ.க்குள் இருக்கட்டும். நடையோடு வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். தட்டில் புரதத்தைக் குறைக்காமல் மற்றதைக் கொஞ்சம் குறையுங்கள். அப்புறம், அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைராய்டு பார்த்துவிடுங்கள்.