இறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது? டவுன்ஹில் சைக்கிள் கேள்வி பதில்

செங்குத்தான மலைப்பாதையில் இறங்குவதற்கென்றே செய்யப்படும் டவுன்ஹில் சைக்கிள்களின் டிஸ்க் பிரேக் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான் தொடங்குகின்றன. அதைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் தடத்தில் இந்தக் கோடையில் ஓட்டப் போகிறேன். என் எடை 95 கிலோ. இப்போது இருப்பது இரண்டு பிஸ்டன் பிரேக், 180 மி.மீ. டிஸ்க். நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே பின்பிரேக் லிவர் கைப்பிடியைத் தொட்டுவிடுகிறது. ஷிமானோ செயின்ட் வாங்கட்டுமா, ஸ்ராம் மேவன் வாங்கட்டுமா?

பதில்: தம்பி, கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுவோம். அந்த உலகக் கோப்பைத் தடம் 2.8 கி.மீ. நீளம், 555 மீட்டர் இறக்கம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 112 கிலோ என்று வைத்துக்கொண்டால், அடிவாரம் வந்து நிற்பதற்குள் சுமார் 6,10,000 ஜூல் ஆற்றலைத் தொலைத்தாக வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் 1.8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இரண்டு எஃகுத் தகடுகளின், அதாவது டிஸ்குகளின், தலையில்தான் விழுகிறது.

லிவர் கைப்பிடியைத் தொடுகிறது என்றால் ஹோஸுக்குள் (லிவரிலிருந்து திரவம் ஓடும் குழாய்) காற்று இருக்கிறது, அல்லது கேலிப்பருக்குள் (பிஸ்டன்கள் பேட் என்ற உரசு கட்டைகளை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகம்) திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. அதனால்தான் லிவர் தொளதொளவென்று போகிறது. லிவர் கல்லைப் போல உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு நோய். அங்கே சூடேறித் தோற்றது பேட். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் புது பிரேக் வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை பிளீடிங்: பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை நிரப்புங்கள். அடுத்து, சட்டமும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) அனுமதித்தால் இரு பக்கமும் 203 மி.மீ. டிஸ்க். 180-இலிருந்து 203-க்குப் போனாலே நிறுத்தும் விசை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடும், சூட்டை வாங்கிக்கொள்ள உலோகமும் கூடும். அதற்குப் பிறகு நான்கு பிஸ்டன். செயின்ட் பட்டென்று பிடிக்கும், சிலருக்கு அது முரட்டுத்தனமாகத் தோன்றும். மேவனின் பலம் உங்கள் எடைக்குப் பொருந்தும். 60 கிலோ ஆளுக்கு நான் சொல்ல மாட்டேன். கையைக் கடிக்காமல் வாங்க ஷிமானோ எக்ஸ்டி நான்கு பிஸ்டன், மகுரா எம்டி5 இரண்டும் இந்த வேலைக்குத் தாராளம்.

இன்னொன்று: பின்பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடியுங்கள், பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறுகிறது.

கேள்வி: மெக்கானிக்கல் டிஸ்க், அதாவது கேபிள் வைத்தது, செலவு குறைவு. அதைக் கொண்டு சமாளிக்கலாமா?

பதில்: கடைத்தெருவுக்குப் போக, தாராளமாக. மலையிறக்கத்துக்கு வேண்டாம்.

கேள்வி: ஐயா, கார் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை சைக்கிளில் ஊற்றலாமா? டாட் என்கிறார்கள், மினரல் என்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

பதில்: பிரேக் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஷிமானோ, மகுரா, டிஆர்பி ஆகியவை மினரல் ஆயில். ஹோப், ஸ்ராம் கோட் ஆகியவை டாட், அதாவது கார் பிரேக்கில் ஊற்றும் வகைத் திரவம். ஸ்ராமில் மட்டும் கவனம் தேவை, மேவனுக்கு மினரல் ஆயில்தான். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறகு கழுவினாலும் பயனில்லை.

டாட் பிரேக் வைத்திருப்பவர்கள் கார் கடையில் வாங்கலாம், ஆனால் எண்ணைப் பாருங்கள். 5.1 சரி. வெறும் 5 என்றால் அது சிலிக்கோன், கிட்டவே கொண்டு வராதீர்கள். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 180-க்கு இறங்கிவிடும். திறந்து வைத்த புட்டியை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். பெயின்ட் மீது சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

கேள்வி: ஃபோர்க் 203-க்கு ஆனது. கையில் 200 மி.மீ. டிஸ்க் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே, அப்படியே மாட்டிவிட்டேன். பிடிக்கத்தான் செய்கிறது. ஏதாவது தவறா?

பதில்: பேடைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். விட்டத்தில் மூன்று என்றால் ஆரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு பேட் டிஸ்கைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற பகுதி தேயத் தேய, தேயாத அந்த ஓரம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். ஒரு நாள் இரண்டு பேடின் வரப்புகளும் டிஸ்குக்கு வெளியே ஒன்றையொன்று முட்டும். அப்போது நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் டிஸ்கின் மேல் அழுத்தம் ஏறாது. இது நடப்பது பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவில்தான். 203 டிஸ்கே வாங்குங்கள். டிஸ்கைப் பெரிதாக்குகிறவர்களும் ஃபோர்க்கின் கையேட்டில் அதிகபட்ச அளவு என்ன என்று பார்த்துவிட்டு அடாப்டர் (கேலிப்பரைத் தள்ளிப் பொருத்த உதவும் துண்டு) வாங்குங்கள்.

கேள்வி: புது மெட்டல் பேட் போட்டேன். பிரேக் பிடிக்கவே இல்லை, ஆனால் ஊரைக் கூட்டும் சத்தம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரைத் திட்டும் முன், பேடைப் பதப்படுத்தினீர்களா? சமதரையில் 20 கி.மீ. வேகம் எடுத்து, நடை வேகம் வரும்வரை சீராகப் பிடியுங்கள். சக்கரம் பூட்டக் கூடாது, முழுதாக நிற்கவும் கூடாது. இப்படி இருபது முறை. பிறகு வேகத்தைக் கூட்டிப் பத்து முறை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக. பேடின் பொருள் டிஸ்கின் மேல் மெல்லிய படலமாக ஏறிய பிறகுதான் பிடி வரும்.

அப்படிச் செய்தும் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கிறவர்களின் பின்பிரேக்தான் பெரும்பாலும் இப்படிக் கத்தும். டிஸ்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். பேட் எண்ணெயைக் குடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கேஸ் அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள்; அந்த பேடை நம்பி அவர்கள் இறங்கட்டும். டிஸ்கின் மேல் "ரெசின் பேட் மட்டும்" என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கு மெட்டல் பேட் ஆகாது.

கேள்வி: கேலிப்பரை எத்தனை முறை நேராக்கினாலும் ஒரு பக்கம் உரசுகிறது. போல்ட்டைத் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்து, இறுக்கும் முறைதான் எனக்குத் தெரியும்.

பதில்: முறை சரிதான், இரண்டு பக்கப் பிஸ்டனும் சமமாக நகர்ந்தால். கேலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு, லிவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கப் பேட் முதலில் வந்து டிஸ்கை வளைக்கிறது என்றால் எதிர்ப்பக்கப் பிஸ்டனில் அழுக்கு. சக்கரத்தையும் பேடையும் கழற்றி, அந்தப் பிஸ்டனைச் சற்றே வெளியே வரவிட்டு, பஞ்சுக் குச்சியால் சுற்றித் துடைத்து, அந்த பிரேக்குக்குரிய திரவத்தில் ஒரு சொட்டுத் தடவி உள்ளே தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் இளகிவிடும். பிறகு கேலிப்பரை நேராக்கி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: டிஸ்கை எப்போது மாற்றுவது?

பதில்: அளந்து பார்த்து. ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் குப்பை. மற்றவற்றில் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கின் மேலேயே பொறித்திருக்கும்.

கேள்வி: அண்ணா, கனடாவின் விஸ்லரில் சைக்கிளை வாடகைக்கு எடுக்கப் போகிறோம். எங்களுக்கு வலக்கையில் முன்பிரேக் வைத்துத்தான் பழக்கம். அங்கே எப்படி?

பதில்: வட அமெரிக்காவில் இடக்கைதான் முன்பிரேக். பிரிட்டனில் நம்மைப் போல வலக்கை. பயத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை இறுக்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துவிடுவான். வண்டி எடுக்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்ராம் லிவர் என்றால் பெரும்பாலும் இடம் மாற்றிப் பூட்டினால் போதும். ஷிமானோவில் ஹோஸைக் கழற்றி மாற்றி பிளீடிங்கும் பார்க்க வேண்டும் என்பதால், முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.