கடலில் கோடு போடுவது யார்? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கச்சத்தீவைத் தவிர யாரும் வேறு எதையும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த முறை அது நான்கில் ஒன்றுதான்.

காசிமேட்டிலிருந்து நேர் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் எங்கே அடுத்த நாட்டு எல்லை வரும்? (விசைப்படகு உரிமையாளர், காசிமேடு)

அந்தமான் வரை வராது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் ஆட்சிக்குட்பட்ட கடல், 200 வரை நம் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலிய வளங்கள் நமக்கே உரிய பகுதி. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்த 200ஐத் தாண்டினால் பொதுக்கடல், அப்புறம் அந்தமானின் மண்டலம். அதுவும் நம்முடையதே. பழவேற்காட்டுக்கு வடக்கே ஆந்திரக்காரர்களோடு வருகிற தகராறு வேறு கதை. 12 மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலங்களின் பொறுப்பு. சர்வதேசச் சட்டம் அதில் தலையிடாது.

இரண்டு கரைக்கும் சரிபாதியில் கோடு போட்டால் முடிந்தது. இதற்கு எதற்கு வழக்கு? (சட்ட மாணவி, ராயபுரம்)

12 மைல் கடல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் பெரும்பாலும் நீங்கள் சொல்வதுதான் விதி. அதற்கு அப்பால் 1982 கடல் சட்ட உடன்படிக்கை கேட்பது நியாயமான முடிவு மட்டுமே. சரிபாதி என்ற சொல்லே அங்கே கிடையாது.

ஏனென்று பாருங்கள். உள்வளைந்த திண்ணையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து காலை நீட்டினால், ஓரத்து இருவரின் கால்களும் நடுவில் இருப்பவருக்கு முன்னால் வந்து முட்டும். வங்கதேசத்தின் நிலை அதுதான், ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் மியான்மர். வடகடலில் டென்மார்க்குக்கும் நெதர்லாந்துக்கும் நடுவில் ஜெர்மனிக்கும் இதே கதி. சரிபாதிக் கோடு கட்டாயமில்லை என்று 1969இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

இப்போதைய வழக்கம் மூன்று படி. முதலில் தற்காலிகமாகச் சமதூரக் கோடு, அதாவது நீங்கள் சொன்ன சரிபாதிக் கோடு. பிறகு கரையின் வளைவு, தீவு போன்றவை அந்தக் கோட்டை அநியாயமாக இழுக்கிறதா என்று பார்த்து நகர்த்துவது. கடைசியில், கரையின் நீளத்துக்கும் கிடைத்த கடலுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்ற சரிபார்ப்பு. 2009இல் ருமேனியா–உக்ரைன் வழக்கில் இது தெளிவாக வகுக்கப்பட்டது. 2014இல் இந்தியா–வங்கதேச வழக்கில் நடுவர் மன்றம் கடல் எல்லைக் கோட்டை வங்கதேசத்துக்குச் சாதகமாக வளைத்தது. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது. நாம் தோற்றோம் என்று சிலர் குமுறினார்கள். எனக்கு அது நல்ல தீர்ப்பாகவே படுகிறது. இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன, நாற்பது வருட இழுபறி தீர்ந்தது.

கடல் எங்கள் தெருவைத் தின்றுகொண்டே வருகிறது. நாட்டின் எல்லையும் உள்ளே வந்துவிடுமா? (திருவொற்றியூர்)

கடல் மைலை எண்ணத் தொடங்குவது தாழ்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது நீர் வற்றி இறங்கும்போது கரையில் நிற்கும் விளிம்பிலிருந்து, அதனால் கேள்வி நியாயமானதே. ஆனால் இரு நாடுகளுக்கிடையே முடிவாகிவிட்ட எல்லையைப் பருவநிலை மாற்றம் அசைக்காது என்று அதே 2014 தீர்ப்பு சொல்கிறது. அதில் ஒரு வேடிக்கை: இந்தியாவும் வங்கதேசமும் பல ஆண்டுகள் உரிமை கொண்டாடிய நியூ மூர் தீவு, தீர்ப்பு வருவதற்குள் நீருக்கடியில் போய்விட்டது. உங்கள் தெருவுக்கு அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்க வேண்டிய இடம் மட்டும் சர்வதேச நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் அல்ல, மாநில அரசு இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான்.

கச்சத்தீவுக்காகச் சர்வதேச நீதிமன்றம் போகலாமே? (தண்டையார்பேட்டை)

போக வழியில்லை. அங்கே வழக்காட இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். இந்தியா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றபோதே காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை விலக்கிவிட்டது. இலங்கை காமன்வெல்த் நாடு. தீவை இலங்கைப் பக்கம் வைத்த 1974 எல்லைக் கோடு நீதிபதி போட்டதல்ல, இரு அரசுகள் கையெழுத்திட்டது. தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் போகிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்தை ஒரு நாடு தனியாக முறிக்கவும் முடியாது, நாடுகளின் ஒப்பந்தங்களுக்கு விதி வகுக்கும் வியன்னா உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. மாற்ற வேண்டுமானால் மறுபடி பேசித்தான் ஆக வேண்டும். வலை உலர்த்தும் உரிமை, மீன்பிடி உரிமை ஆகியவை பற்றிய சண்டை தனி. அதை அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன்.