உள்ளான் குஞ்சும் லெம்மிங் எலியும்

கேள்வி: எங்கள் வீடு வேதாரண்யத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில். புரட்டாசி பிறந்தால் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ரஷ்யாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வருகின்றன என்று படித்தேன். அங்கே ஆள் நடமாட்டமே குறைவாயிற்றே, குஞ்சுகளெல்லாம் பிழைத்துவிடும்தானே? (வாசகி ஒருவர், வேதாரண்யம்)

பதில்: பிழைப்பதில்லை அம்மா. ஒரு வருஷம் ஏராளமாகத் தேறும், இன்னொரு வருஷம் பேருக்குக்கூடத் தேறாது. அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, உள்ளங்கையில் அடங்கும் லெம்மிங் என்ற எலிக்கு.

உங்கள் உப்பளத்துக்கு வரும் கர்லூ சாண்ட்பைப்பரையே எடுத்துக்கொள்வோம். அலகு நுனி கீழ்நோக்கி வளைந்த உள்ளான் அது. எடை சுமார் 60 கிராம். சைபீரியாவின் தைமிர் தீபகற்பம் அதற்கு முக்கியமான தாய்வீடு. ஜூனில் பனி விலகியதும் வெறுந்தரையில் சின்னக் குழி பறித்து நான்கு முட்டை இடும். ஒளிந்துகொள்ள மரம் கிடையாது. ஆண் பறவை ஜூலை வாக்கில் தெற்கே கிளம்பிவிடும். தாய் தனியாகவே மூன்று வாரம் போல அடைகாத்து, குஞ்சுகளையும் பார்த்துக்கொள்ளும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

ஏனென்றால் அங்கே ஆர்க்டிக் நரி அலைகிறது. நரிக்கு முதல் சாப்பாடு லெம்மிங்தான். அந்த எலிகள் குளிர்காலத்திலும் பனிக்கு அடியில் வளை போட்டுக் குட்டி ஈனும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எக்கச்சக்கமாகப் பெருகும். அந்த வருஷம் நரி வயிறாரத் தின்று, ஒரே ஈற்றில் பத்துக்கு மேலும் குட்டி போடும். பனி ஆந்தையும் அப்போதுதான் முட்டையிடும். பறவைக் கூடுகளை நரி அவ்வளவாகத் தேடாது. மறுவருஷம் எலி அடியோடு குறைந்துவிடும், நரிக் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கும். பசித்த நரி கூடு கூடாக மோப்பம் பிடித்து முட்டையைக் காலி செய்யும்.

இது தெரியவந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தைமிரில் பொரித்த உள்ளான்கள் தென்னாப்பிரிக்காவுக்கும், பிரெண்ட் வாத்துகள் மேற்கு ஐரோப்பாவுக்கும் குளிர்காலம் கழிக்கப் போகின்றன. அந்தந்த ஊரில் இளம் பறவைகளை வருஷக்கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். இரண்டிலும் கூடும் வருஷமும் குறையும் வருஷமும் ஒத்துப்போயின. 1980களில் அந்தக் கணக்கை லெம்மிங் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது.

அந்த வாத்துகள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பனி ஆந்தையின் கூட்டுக்குப் பக்கத்திலேயே போய் முட்டையிடும்! ஆந்தை வாத்துக் குஞ்சையும் தூக்கக்கூடியதுதான். ஆனால் தன் கூட்டை நெருங்கும் நரியை அது பாய்ந்து பாய்ந்து விரட்டும், அந்த நிழலில் வாத்தும் தப்பும்.

இப்போது என் கவலை வேறு. குளிர்காலத்தில் சூடு கூடி, பனிமேல் மழை பெய்தால் தண்ணீர் கீழிறங்கி ஐஸ்கட்டியாக உறைந்துவிடும். எலியால் பாசியைக் கொறிக்க முடியாது. கிழக்கு கிரீன்லாந்தில் 2000-ஐ ஒட்டி லெம்மிங் பெருகும் வருஷங்களே நின்றுபோயின. பனி ஆந்தையும் அங்கே குஞ்சு பொரிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. தைமிரிலும் அப்படி ஆனால், நல்ல வருஷம் என்ற ஒன்றை நம்பி வாழும் இந்தப் பறவைகள் என்ன செய்யும்?

நீங்கள் ஒரு உதவி செய்யலாம். பெரிய பறவைகள் முதலில் வரும், இளசுகள் பிந்தி வரும். ஐப்பசியில் பைனாகுலரில் முதுகைப் பாருங்கள். இறகு ஓரமெல்லாம் வெளிறி, மீன் செதில் போலத் தெரிந்தால் அது இந்த வருஷத்துக் குஞ்சு. மார்கழிக்குள் இறகு மாறி அடையாளம் மங்கிவிடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். நூறு பறவைக்கு எத்தனை இளசு என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, எனக்கும் ஒரு வரி போடுங்கள்.