களரி ஏற வருகிறவர்கள் கேட்டவை: கூத்து ஆள்தேர்வு கேள்வி பதில்

வேலூர், காட்பாடி சுற்றுப்பக்கத்தில் ஓய்வு நேரத்தில் கூத்து கட்டும் ஊர்க்குழு ஒன்று, வரும் பங்குனி தொடங்கி ஆடி வரை மூன்று மகாபாரதக் கூத்துகளை எடுத்திருக்கிறது: பகடை துகில் (சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும்), அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம். மாசியில் ஆள்தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளுக்குக் குழுவின் வாத்தியார் பதில் சொல்கிறார்.

வாத்தியாரே, கல்லூரியில் மேடை நாடகம் போட்டிருக்கிறேன். கூத்து பார்த்ததோடு சரி. தேர்வில் என்ன செய்யச் சொல்வீர்கள்? (காட்பாடி மாணவர்)

தம்பி, ஒருவருக்குக் கால் மணி நேரம். முதலில் ஒரு விருத்தம். கூத்து விருத்தம் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தச் செய்யுளையும் ராகம் இழுத்துப் பாடலாம். அடுத்தது தாளம். ஆதி எட்டு, மிஸ்ர சாப்பு ஏழு, அதாவது தகிட தகதிமி. இரண்டையும் கையால் போட்டபடி களரியை, அதாவது கூத்து ஆடும் தரையை, மூன்று சுற்று நடக்க வேண்டும். கை போடும் தாளமும் கால் வைக்கும் இடமும் சேர்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கடைசியில் பத்து வரி வசனம்.

மேடை நாடகத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வசனத்தில்தான் சறுக்குகிறார்கள். மைக் பக்கத்தில் இருக்கிற நினைப்பில் தணிந்த குரலில் உணர்ச்சி காட்டுவார்கள். களரியில் மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்திருக்கும். கடைசி வரிசையில் கிழவி ஒருத்தி பாயில் சாய்ந்திருப்பாள். அவள் காதில் வார்த்தையின் கடைசி எழுத்தும் விழ வேண்டும். 'வந்தேன்' என்பதில் 'ன்' காணாமல் போனால் அந்த வசனம் போனது போலத்தான். வீட்டு மாடியில் ஒருவரை நாற்பது அடி தள்ளி நிற்கவைத்துப் பேசிப் பாருங்கள். கத்தாமல் அவருக்குக் கேட்டால் சரி.

முகவெட்டு, நிறம், உயரம் எதையும் பார்க்கமாட்டோம். அரிதாரம் பூசிக் கிரீடம் ஏறியபின் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. குரலும் காலும் விடியும்வரை தாங்குமா என்பதைத்தான் பார்ப்போம்.

எந்தச் சுருதியில் பாட வேண்டும்? எனக்கு இரண்டரைக் கட்டைக்கு மேல் போகாது. (ஆற்காடு)

தேர்வன்று உங்களுக்கு ஒத்துவரும் சுருதியிலேயே பாடுங்கள். ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார். களரியில் சுருதி உயரம் நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று போகும். மைக் இல்லாத காலத்தில் ஊர்க்கோடி வரை கேட்கவேண்டி வந்த உயரம் அது, இன்னும் அப்படியே நிற்கிறது.

இரண்டரையிலிருந்து நான்குக்கு ஒரே வாரத்தில் தாவாதீர்கள். விடிகாலையில் இருபது நிமிடம் அகாரம், அதாவது 'ஆ' என்று இழுத்துப் பாடும் பயிற்சி. வாரம் அரைக் கட்டைக்கு மேல் ஏற்ற வேண்டாம். விருத்தத்தின் முதல் வரியையே உச்சியில் எடுத்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மூன்றாம் வரியில் மேலே போக இடமிருக்காது, குரல் பிளந்துவிடும். முதல் வரியைக் கீழே எடுங்கள். தொண்டை இறுகுகிறதா என்று தெரிய, பாடும்போது தாடையை விரலால் பக்கவாட்டில் அசையுங்கள். அசைய மறுத்தால் கழுத்தால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் பாடவே கூடாது.

ஐயா, பெண்கள் சேரலாமா? அப்பா, "அது ஆம்பளைங்க கட்டுற வேஷம்" என்கிறார். (குடியாத்தம், 22 வயது)

தாராளமாக வா அம்மா. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்தது பழைய வழக்கம். காஞ்சிபுரத்தில் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னர் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்தே படித்தார்கள், மர அணிகள் பூட்டும் கட்டை வேஷமும் கட்டினார்கள். அப்பாவையும் ஒத்திகைக்கு அழைத்து வா, உட்கார்ந்து பார்க்கட்டும்.

பகடை துகிலில் திரௌபதி வேஷம் கேட்டால் ஒன்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். துச்சாதனன் இழுப்பது மேலே தனியாகச் சுற்றிய புடவையை மட்டும்தான். அடியில் உள்ள புடவை இடுப்பில் நாடா இறுக்கி, தோளில் ஊசி குத்தி, முழுதாக நிற்கும். எந்த முனையைப் பிடிப்பது, எத்தனை சுற்று சுற்றுவது, எந்த வரியில் கை விடுவது எல்லாம் ஒத்திகையில் முடிவாகிவிடும்; களரியில் ஒன்றும் மாறாது. துச்சாதனன் கட்டுகிறவர் கற்பூரம் காட்டி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டபிறகே புடவையில் கை வைக்கும் வழக்கத்தை நாங்களும் விடவில்லை. அந்த நேரத்தில் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து கும்பிடுவார்கள். திரௌபதி அப்போது பாட்டை நிறுத்தக்கூடாது.

கட்டை கட்டினால் தோள் புண்ணாகிவிடும் என்கிறார்களே? (அணைக்கட்டு)

தப்பாகக் கட்டினால் ஆகும். புஜக்கட்டை, மார்புப் பதக்கம், காதுக்கட்டை, கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. மரம் லேசானது, ஆனால் மேலே ஒட்டும் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் சேர்ந்தால் பாரம்தான். எட்டு மணி நேரம் அதைச் சுமந்து சுழல வேண்டும்.

கட்டும் முறை இது. முதலில் கணுக்காலில் துணிப்பட்டை நான்கு சுற்று, அதன்மேல் சலங்கை. வெறுங்காலில் கட்டினால் இரண்டாம் மணி நேரத்தில் தோல் உரியும். பிறகு இடுப்பில் பழைய பருத்திப் புடவைகளை மடித்துச் சுற்றிப் பாவாடைக்குப் புடைப்பு கொடுக்க வேண்டும். இங்கே தளர்ந்தால் நடுராத்திரியில் எல்லாம் இறங்கி முழங்காலில் சிக்கும். அதன்பின் சட்டை, தோளில் இரட்டை மடிப்புத் துண்டு, அதன்மேல் புஜக்கட்டை. முடிச்சுக்குப் பருத்தி நாடா மட்டும். நைலான் கயிறு வியர்வையில் வழுக்கும், இறுக்கினால் அக்குளை அறுக்கும். கட்டி முடித்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள். கட்டை காதை இடித்தால் அவிழ்த்து ஒரு விரற்கடை கீழே இறக்கிக் கட்ட வேண்டும்.

கிரீடம் கடைசி. தலையில் ஈரத்துணியை இறுகச் சுற்றி அதன்மேல் வைக்க வேண்டும். காய்ந்த துணி நழுவும். நாடாவுக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் கிரிக்கி அடிக்கையில், அதாவது வேகமாகச் சுழல்கையில், கிரீடம் கண்ணை மறைக்கும். விரலே நுழையாவிட்டால் ரெண்டு மணிக்குத் தலைவலி வந்து பாட்டு மறக்கும். கண்ணாடித் துண்டுகளின் ஓரத்தை ஒவ்வொரு கூத்துக்கு முன்னும் விரலால் தடவிப் பாருங்கள். தூக்கி நிற்பதை அப்போதே பசை வைத்து அமுக்கிவிடலாம். விட்டால் எதிரில் ஆடுகிறவர் கையைக் கிழிக்கும்.

கிரிக்கி அடித்தால் தலை சுற்றுகிறது. பழக்கத்தில் போய்விடுமா? (திருவலம்)

போகும். வயிறு நிறையச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் பழகாதீர்கள். முதல் வாரம் வலப்பக்கம் ஐந்து சுற்று, நின்று மூச்சு வாங்கி, இடப்பக்கம் ஐந்து. முடிக்கும் தாளத்தில் இரண்டு காலையும் சேர்த்துத் தரையை மிதித்து நிற்க வேண்டும். அந்த மிதியைப் போடாதவர்கள்தான் தள்ளாடிப் பக்கவாத்தியக்காரர் பெஞ்சின்மேல் விழுகிறார்கள்.

முகப்பூச்சில் எனக்கு அரிப்பு வருகிறது. (ராணிப்பேட்டை)

அந்தக் காலத்து அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல். பெயர் தங்கிவிட்டது, கல்லைத் தொடவே வேண்டாம். செந்தூரம் என்று கடையில் பொட்டலமாகக் கிடைப்பதில் ஈயம் கலந்தது உண்டு, அதையும் முகத்தில் பூசாதீர்கள். வெள்ளைக்குத் துத்தநாக ஆக்ஸைடு, மற்ற நிறத்துக்கு முகத்துக்கென்றே விற்கும் ஒப்பனை வண்ணம், இரண்டையும் தேங்காய் எண்ணெயில் குழைக்கலாம். முதல்நாளே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். கலைக்கும்போது எண்ணெய் தடவித் துணியால் துடைத்தபிறகுதான் சோப்பு. சோப்பில் தொடங்கினால் வண்ணம் தோலுக்குள் தேய்ந்து எரியும்.

அண்ணே, எனக்குக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேஷம்தான் ஆசை. எங்க வீட்டுப் பேச்சு உருதும் தமிழும் கலந்தது. பரவாயில்லையா? (ஆம்பூர், தோல் தொழிற்சாலை ஊழியர்)

அந்தப் பேச்சோடேயே வாங்க. துரியோதனன் "யாரடா அங்கே" என்று செந்தமிழில் கேட்க, கட்டியக்காரன் "இதோ வந்துக்கினே கீறேன் ராசா" என்று நம்ம ஊர்ப் பேச்சில் பதில் சொன்னால்தான் சனம் நிமிர்ந்து உட்காரும். தெலுங்கும் உருதும் புழங்கும் மண் இது, கட்டியக்காரன் வாயில் எல்லாம் வரலாம். சாதியை வைத்தும், உடல் ஊனத்தை வைத்தும் ஒரு சிரிப்பும் எங்கள் களரியில் கிடையாது.

இருக்கிறதிலேயே கஷ்டமான வேஷம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேளக்கட்டு என்ற தொடக்க வாத்திய முழக்கம் முடிந்ததும் முதலில் வருகிறவனும் அவன்தான், மங்களம் வரை நிற்கிறவனும் அவன்தான். யாராவது வசனம் மறந்தால் கேள்வி கேட்டே ஞாபகப்படுத்த வேண்டும், வேஷம் கட்டத் தாமதமானால் நேரம் கடத்த வேண்டும். மூன்று கூத்தின் கதையும் எல்லாப் பாத்திரத்தின் வரிசையும் தலைகீழாகத் தெரிய வேண்டும். மறுநாள் காலை ஷிப்ட் இருந்தால் இந்த வேஷம் எடுக்காதீர்கள். அபிமன்யு சண்டையில் ஒரு சிறு வேஷம் கட்டிவிட்டு ஒரு மணிக்குள் படுக்கலாம்.

கர்ண மோட்சத்தைக் கருமாதிக்கும் ஆடுவீர்களா? புதியவர்களை அதில் விடுவீர்களா? (வாலாஜா)

ஆடுவோம். முதல் வருஷத்துக்காரர்களை அதில் விடமாட்டோம். கோவில் களரியில் கர்ணன் மனைவி பொன்னுருவி அழும்போது சனம் கதையைப் பார்க்கும். கருமாதி வீட்டு வாசலில் எதிரே உட்கார்ந்திருப்பவள் புருஷனைப் பறிகொடுத்து பதினாறு நாள் ஆனவள். பொன்னுருவி பாடப்பாட அவளும் வாய்விட்டு அழுவாள். பாடுகிறவர் அதைப் பார்த்துத் தானும் உடைந்தால் பாட்டு நின்றுவிடும், அழுகிறவளுக்குத் துணையில்லாமல் போகும். பார்வையை அவள் தலைக்கு மேலே ஒரு விளக்கில் நிறுத்தி, தாளத்தைக் காலில் பிடித்துக்கொண்டு பாட வேண்டும். கட்டியக்காரன் அங்கே பாதிதான் பேசுவான். செத்தவர் பெயரை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே களரிக்குப் போக வேண்டும்.

எங்க ஊர் திரௌபதி அம்மன் கோவிலுக்கு அழைத்தால் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (பள்ளிகொண்டா, திருவிழாக் குழு)

இருபது அடி சதுரத்துக்குத் தரை சமமாக, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து இறுகியிருக்க வேண்டும். மணல் கொட்டாதீர்கள், கால் புதைந்து முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பந்தல் பத்தடி உயரம். இரண்டு மைக் மேலிருந்து தொங்கவேண்டும், கிரீடத்து உச்சிக்கு ஒரு முழம் மேலே. சட்டையில் குத்தும் மைக் கட்டையில் இடித்து இரைச்சல் போடும். ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால், சனத்தைப் பார்த்து இருந்தால் கீச்சென்று கத்தாது.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைக்கும்தான், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. அதனால் காவல் நிலையத்தில் முன்னாடியே மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பன்னிரண்டுக்குமேல் மைக்கை அணைத்து வெறுங்குரலில் ஆடுவோம். நான்கு கட்டையில் பாடச் சொல்வது இதற்காகவும்தான்.

சித்திரை, வைகாசியில் வைத்தால் ராத்திரியும் புழுக்கம் குறையாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு உப்புச்சர்க்கரைப் பொட்டலம் என்று கரைத்து, வேஷக்காரர் ஒருவருக்கு இரண்டு லிட்டர் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். ஐஸ் போடாதீர்கள்.

பிள்ளைகளை எந்த வயதிலிருந்து எடுப்பீர்கள்? (சத்துவாச்சாரி)

பத்து வயதிலிருந்து. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கட்டை கிடையாது, சலங்கை மட்டும், அதுவும் ஒரு காலுக்கு இருபத்தைந்து சலங்கை மணிகள்.

ஆடத் தெரியாது, வாசிக்கத் தெரியும். இடமுண்டா? (சேண்பாக்கம்)

மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் ஆள் இருக்கிறார்கள். முகவீணை என்ற சிறு ஊதுகுழலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நாதஸ்வரம் பழகியவர் என்றால் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) பிடிக்கும் உதடு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. குழல் சின்னது, காற்றைக் குறைத்து ஊதப் பழக வேண்டும். தேர்வு நாள்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வார ஒத்திகைக்கே சீவாளியோடு வாருங்கள்.