சித்தி வீடா, கிளாஸ்கோவா?

வாசகி கடிதம்

வணக்கம் அக்கா,

வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலும் லண்டனிலும் இடம் கிடைத்திருக்கிறது. எனக்குப் பிடித்த பாடத்திட்டம் கிளாஸ்கோவில். சித்தி லண்டன் ஹரோவில் இருக்கிறா. அவவின் வீட்டில் நின்று லண்டனில் படி என்கிறா அம்மா. அம்மா 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவ. தனியே போகிறேன் என்றாலே சாப்பிடாமல் படுத்துவிடுகிறா. உண்மையில் எனக்கும் பயம்தான். நீங்கள் கிளாஸ்கோவில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். போய் இறங்கியதும் எப்படி இருந்தது? எதைத் தெரிவு செய்வது? முப்பது கிலோவுக்குள் எதைக் கொண்டுபோவது?

அன்புடன்,
ம., கொழும்பு 06

பதில்

அன்புள்ள ம.,

கிளாஸ்கோவுக்குப் போங்கள். பிடித்த பாடத்திட்டம் அங்கேதான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படிக்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

போய் இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். விடுதிச் சமையலறையில் கேத்தலைத் தேடினேன், கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிக்க. பக்கத்து அறைப் பெண் குழாயைத் திறந்து, ஒரு கிளாஸில் பிடித்து, அப்படியே என்னிடம் நீட்டினாள். பல்லுக் கூசும் குளிர். கொழும்பில் பிறந்த நாளிலிருந்து கொதித்தாறிய தண்ணீர் குடித்தவளுக்கு அந்தக் கிளாஸை வாயில் வைக்கவே தயக்கமாக இருந்தது.

அந்தத் தண்ணீர் மலைகளுக்கு நடுவேயுள்ள லொக் கற்றின் என்ற ஏரியிலிருந்து வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆலைகளும் நெரிசலும் பெருகிய அந்த நகரத்தைக் கொலரா திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போயிருக்கிறது. மாநகர சபை ஏரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரத் தீர்மானித்து, 1859இல் விக்டோரியா மகாராணி அதைத் திறந்துவைத்தா. 1866இல் நாட்டில் மறுபடியும் கொலரா பரவியபோது கிளாஸ்கோவில் முன்னைய தடவைகளைவிட மிகக் குறைவானவர்களே இறந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள கெல்வின்குரோவ் பூங்காவில் இந்த வேலையை முன்னின்று செய்வித்த நகர முதல்வருக்கு ஒரு நீரூற்று கட்டியிருக்கிறார்கள். அரசனுக்கும் தளபதிக்கும் சிலை பார்த்துப் பழகிய எனக்கு, குழாய்த் தண்ணீர் தந்தவருக்கு நினைவுச்சின்னம் என்பது பெரிய விஷயமாகப் பட்டது. நான் படித்தது வேறு துறை. நீங்கள் படிக்கப் போவதோ இதையேதான்.

இன்னொன்று. லிவர்பூல், மான்செஸ்டர் ஆகிய நகரங்களிலும் ஏறக்குறைய அதேயளவு வறுமைதான். ஆனால் அங்கேயுள்ளவர்களைவிடக் கிளாஸ்கோக்காரர்கள் கூடுதலாக இளவயதில் இறக்கிறார்கள். ஏன் என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்காகத் தேடுகிறார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே குடியிருந்து படிக்கலாம். ஹரோவிலிருந்து ரயிலில் வகுப்புக்குப் போய்வந்து இது கிடைக்காது.

இனிப் பயம். நான் போனது 2007 செப்டெம்பரில். அந்த ஜூனில்தான் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அடையாள அட்டை இல்லாமல் பால் வாங்கக்கூட காலி வீதியில் இறங்காத காலம். கிளாஸ்கோவில் ஒரு மாலை நூலகத்திலிருந்து திரும்பும்போது எதிரே இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். என் கை தானாகப் பைக்குள் போய் அட்டையைத் தேடியது. அவர்கள் மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுக் கடந்துபோனார்கள். பேச்சுவழக்கு பாதி விளங்கவில்லை. எங்கே போகிறாய், யாருடைய மகள், ஏன் இந்த நேரத்தில் என்று கேட்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அன்று எவ்வளவு தூரம் சும்மா நடந்தேன் என்று தெரியாது. தனிமை கனத்த இரவுகளும் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நடை எனக்குத் தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவை என்று நினைக்கிறேன்.

அம்மாவோடு வாதாடாதீர்கள். 1995 ஒக்டோபர் மழையில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு இறங்கியபோது, கூட நடந்த சனத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்கள் தப்பினார்கள். சொந்தம் பக்கத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று அவ நினைப்பது அவ கண்ட வாழ்க்கையிலிருந்து. அந்த நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்தே ஒரு வழி செய்யலாம். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் நேரே பறக்கிறது. இறங்கி சித்தி வீட்டில் இரண்டு நாள் நில்லுங்கள். பிறகு சித்தி உங்களை யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏற்றிவிடட்டும். நாலரை மணித்தியாலம் போல எடுக்கும். தங்கச்சி பார்த்து அனுப்பிய பிள்ளை என்றால் அம்மாவுக்கு ஒரு வாய் சோறு இறங்கும். தங்குமிடத்தை மட்டும் பல்கலைக்கழக விடுதியிலேயே எடுங்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு அறையைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பவே வேண்டாம்.

சித்தி வீட்டில் வாடகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் லண்டனுக்கு வெளியே படிப்பவர்களிடம் விசா விதியே மாதச் செலவுக்குக் குறைந்த தொகையைத்தான் காட்டச் சொல்கிறது. அந்தப் பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருக்கவேண்டும் என்பதை மறக்க வேண்டாம். படிப்போ ஒரே வருடம். அதற்குள் பிறந்தநாள், கோயில், கலியாணவீடு என்று சனி ஞாயிறுகள் போய்விட்டால் ஆய்வுரை எழுத ஆள் மிஞ்சாது. நத்தாருக்குச் சித்தியிடம் போங்கள். டிசெம்பர் 25 அன்று ரயிலே ஓடாது, விடுதியும் காலியாகிவிடும். அதற்கு முன்தினமே ஹரோவில் இருங்கள்.

டிசெம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே இருட்டிவிடும். அந்த நாட்களில் மனம் சோர்ந்தால் அதை ஊரின் மேலோ உங்கள் மேலோ போடாதீர்கள். பகலில் ஒரு மணித்தியாலமாவது வெளியே நடவுங்கள். முதல் வாரத்திலேயே குடும்ப வைத்தியரிடம் பதிந்துவிடுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் போகிறீர்கள், ஸ்கொட்லாந்தில் மருந்துச் சீட்டுக்கும் காசு இல்லை.

முப்பது கிலோவுக்கு: அம்மா வறுத்து இடித்த கறித்தூள் கட்டாயம். நெய், பால்மா, இறைச்சி வேண்டாம், விடமாட்டார்கள். தடித்த கோட்டை இங்கே வாங்காதீர்கள். அங்கே மழையும் காற்றும் சேர்ந்துதான் அடிக்கும், குடை மடங்கிப்போகும். தலைமூடி வைத்த மழைக் கோட்டு அந்த ஊர்க் கடைகளில்தான் சரியாகக் கிடைக்கும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், புகை விறாந்தைக்குப் போனால் சைரன் அடித்து முழு விடுதியும் குளிரில் வெளியே நிற்கும். சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.

அம்மா சம்மதித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.