சாங்கி முதல் நியூயார்க் வரை: அளந்த தூரமும் பறக்கும் வழியும்

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக இருக்க, ஜூலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் செல்கிறேன். தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்கிறார்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. பயணச்சீட்டிலோ 18 மணி 40 நிமிடம் என்றிருக்கிறது. நள்ளிரவு 12.15க்குப் புறப்பட்டு அதே நாள் காலை 6.55க்கு எப்படி இறங்க முடியும்?
- ஒரு வாசகி, அங் மோ கியோ

பதில்: தாங்கள் வகுத்தது சரியே. ஆனால் 15,350 என்பது உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் கிடைக்கும் தூரம். இந்த இரு நிலையங்களுக்கு அதைத் தாங்களே கணக்கிட்டுவிடலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் கென்னடி மேற்கு 74 பாகையிலும் இருக்கின்றன. கூட்டினால் 178, அதாவது இரண்டும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே நூல் வட துருவத்தை ஒட்டியே செல்லும். சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138, பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,346 வருகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

விமானம் அந்த நூலின்மேல் பறப்பதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும், ஜூலையில் சற்றுக் குறையும். அது முதுகில் தள்ளும்படி பசிபிக் பெருங்கடலின் மேலாகச் சுற்றிச் சென்றால், தூரம் பல நாள்களில் 16,000 கிலோமீட்டரைத் தாண்டினாலும் எரிபொருள் மிச்சமாகும் என்பதால், அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதையை வகுக்கிறார்கள். திரும்பும்போதும் சில நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கியே வருவார்கள். அப்படி அமைந்தால் தாங்கள் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பீர்கள். இவற்றோடு, சீட்டில் உள்ள நேரம் விமானம் நுழைவாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனை நுழைவாயிலில் நிற்பது வரையிலானது என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதும் அதில் அடங்கும்.

கடிகாரக் கணக்கு எளிது. ஜூலையில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. தாங்கள் இறங்கும்போது சிங்கப்பூரில் அன்று மாலை 6.55, அங்கே அன்று காலை 6.55, கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பவே வேண்டாம். டிசம்பரில் சென்றால் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும். ஆனால் வேளை தவறாமல் மருந்து உட்கொள்பவராயின், இங்கே காலை 8 மணி மாத்திரை அங்கே இரவு 8 மணிக்குரியதாகிவிடும் என்பதால், எந்த மாத்திரையை எத்தனை மணி நேர இடைவெளியில் எடுப்பது என்று புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்தோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.